முகாமில் பங்கிடும் பொருளா ஜனாதிபதி சாரணர் விருது?

ஆசிரியர் அவர்களுக்கு,

"மூன்று நாள் முகாமில் பங்குபற்றிய மாணவர்கள் ஜனாதிபதி சாரணர் விருது பெற்றனர்" என்று தங்கள் திருகோணமலைச் செய்திப் பக்கம் சொல்கிறது. முகாமுக்குப் போனாலே கிடைக்குமென்றால் நல்லதுதான். பஸ் கட்டணத்தோடு காரியம் முடிந்துவிடும். 1912 முதல் இந்நாட்டில் சாரணியம் இருப்பது தாங்கள் அறியாததல்ல. அங்கத்துவச் சின்னம், சாரணர் விருது, மாவட்ட ஆணையாளர் விருது, பிரதம ஆணையாளர் விருது எல்லாம் தாண்டித்தான் இந்தப் படி. அதுவும் 18 வயது நிறையுமுன், சாதாரண தரப் பரீட்சைக்கும் உயர்தர வகுப்புக்கும் நடுவில்.

குறுக்காக வைத்த இரு தடிகளைக் கயிற்றால் பிணைக்கும் சதுரக் கட்டு ஒன்றையே எடுங்கள். நிறுத்திய தடியில் குளோவ் ஹிச் முடிச்சு, இரு தடிகளையும் சேர்த்து மூன்று சுற்று, பிறகு தடிகளுக்கு நடுவே புகுந்து அந்தச் சுற்றுகளை நெரிக்கும் இரண்டு சுற்று, குறுக்குத் தடியில் மறுபடி அதே முடிச்சு. கட்டு ஆடினால் பிள்ளைகள் முதற் சுற்றுகளைக் கூட்டிக்கொண்டே போவார்கள். பிழை அங்கில்லை, நெரிக்கும் சுற்றை இறுக்கி இழுக்காததில் இருக்கிறது. நைலோன் கயிறென்றால் எப்படி இழுத்தாலும் வழுக்கும். தும்புக் கயிறுதான் பிடிக்கும்.

நிலாவெளி மணலில் கூடார முளை காற்றுக்கு நிற்காது. இழுகயிற்றை ஒரு கட்டையின் நடுவில் கட்டி, கட்டையைக் கயிற்றுக்குக் குறுக்காக ஒரு முழ ஆழத்தில் புதைத்து மிதிக்க வேண்டும். தொடக்க விழாவில் படமெடுத்துவிட்டுத் திரும்பியவருக்கு இது தெரிய நியாயமில்லை.

கன்னியாப் பக்கம் நடைப்பயணம் போகிறவன் 1:50,000 வரைபடத்தில் 2 சென்ரிமீற்றரை ஒரு கிலோமீற்றராகக் கணக்கிட்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் திசைகோணம், தூரம், நேரம் மூன்றையும் அந்த இடத்திலேயே குறிக்க வேண்டும். இரும்புப் பூண் போட்ட தடி பக்கத்தில் இருந்தால் திசைகாட்டி ஊசி விலகிவிடும். வீட்டுக்கு வந்து எழுதிய பதிவேடு பரிசோதகரின் இரண்டாம் கேள்விக்கே தாங்காது.

சாரணரைக் கடேற் மாணவர் என்று முன்பு அச்சிட்டீர்கள், பொறுத்தோம். இடக் கையால் கைகுலுக்குவதே சாரணர் வழக்கம் என்று அறியாமல் 'மரியாதைக் குறைவு' என்று படத்தின் கீழ் எழுதினீர்கள், அதையும் பொறுத்தோம். இம்முறை பொன்னாடை போர்த்திக்கொண்ட பிரமுகர்களுக்கு ஏழு வரி. விருது பெற்ற பிள்ளைகள் மட்டும் 'மற்றும் பலர்'!

அவர்களின் பெயர்ப் பட்டியலை இத்துடன் இணைத்துள்ளேன். அடுத்த இதழில் எழுத்துப் பிழையின்றிப் போடுங்கள். இடம் போதாவிட்டால் பிரமுகர் படத்தைச் சற்றுச் சிறிதாக்கலாம்.

சாரணர் பயிற்றுநர் ஒருவர்,
திருகோணமலை