முழுக்கைச் சட்டைக்குள் மறையும் வலி

ஆசிரியருக்கு,

மனச்சோர்வில் இருக்கும் வளரிளம் பிள்ளைகள் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்வதை 'நாடகம்' என்று ஒதுக்குகிறோம். பெரும்பாலானோர் அதை மறைக்கத்தான் பார்க்கிறார்கள். கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டையை மடித்துவிடாத பிள்ளையை என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன்.

பெரும்பாலும் 12 முதல் 14 வயதுக்குள் தொடங்கும் இதற்கு மனச்சோர்வு மட்டுமே காரணமல்ல. சிறுவயதில் அனுபவித்த வன்முறை, சக மாணவர்களின் சீண்டல், ஓயாத வீட்டுச் சண்டை, தூக்கமின்மை, இதே பழக்கமுள்ள நண்பர்கள் எனப் பலவும் சேரும்போது ஆபத்து கூடுகிறது. முன்பு ஒருமுறை செய்திருந்தால், அதுவே மிகப் பெரிய எச்சரிக்கை.

'கேட்டால் தூண்டிவிடுவோமோ' என்று பெற்றோர் தயங்குகிறார்கள். கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை. திட்டாமல், சோதனை போடாமல் கேளுங்கள். மனநல மருத்துவரிடம் கூடவே போங்கள்.

– ஓர் ஆசிரியை