புவிவெப்பத் துறையிலும் வேலை இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெட்ரோலியப் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் இனி வேலை எங்கே கிடைக்கும் என்று கவலைப்படுகிறார்கள். காவிரிப் படுகையில் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் பல காலம் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: பூமிக்கு அடியில் உள்ள வெப்பத்திலிருந்து எடுக்கும் புவிவெப்ப மின்சாரத்தின் பக்கமும் பாருங்கள்.

ரிக், பாறையைக் குடையும் பிட், குடைந்த துகளை மேலே கொண்டுவரும் சேறு எல்லாம் அதேதான். பார்வைதான் மாற வேண்டும். எண்ணெய்க் கிணற்றில் உள்ளே செலுத்திய சேறு திரும்பி வராவிட்டால் ஷிஃப்டே பதறும். வெந்நீர் தேடும் கிணற்றில் அதுவே நல்ல சேதியாகவும் இருக்கலாம். சேறு பாறை வெடிப்புக்குள் போயிருக்கலாம்; வெடிப்பு இருந்தால்தானே சுடுநீர் ஓடும்!

லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் 1 மெகாவாட் புவிவெப்பச் சோதனை நிலையத்துக்கு ஓ.என்.ஜி.சி. 2021-இல் ஒப்பந்தம் போட்டது. கென்யாவின் ஓல்கரியாவில் 1981 முதலே மின்சாரம் எடுக்கிறார்கள். வளரும் நாடுகளிலிருந்து வருபவர்களுக்கு ஐஸ்லாந்தில் 1979 முதல் ஆறு மாதப் பயிற்சி நடக்கிறது.

நிலவியல், வேதியியல் படித்தவர்களுக்கும் இதில் இடமுண்டு. சுடுநீரில் கரைந்து வரும் சிலிக்கா என்ற தாதுப்பொருள் குழாயில் படியாமல் பார்க்கவே நல்ல வேதியியலாளர் தேவை. நம் பல்கலைக்கழகங்கள் இதை விருப்பப் பாடமாகவாவது அடுத்த பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

— ஓய்வுபெற்ற ரிக் பணியாளர், திருவாரூர்