மார்வின் கேயின் சலிக்காத இசைத்தட்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1971 மே மாதம் மோட்டவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட, அமெரிக்கப் பாடகர் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ இசைத்தட்டு எனக்கு இன்றும் சலிக்கவில்லை. ஒன்பது பாடல்களும் ஏறத்தாழ 35 நிமிடங்களில் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து ஓடுவதால், ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துக் கேட்க மனம் வருவதில்லை. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய கேயின் தம்பி ஃபிராங்கியின் அனுபவங்கள் இப்பாடல்களின் அடியில் இருக்கின்றன. ஆனால் எங்கும் கூச்சல் இல்லை. கே தம் குரலையே இரு அடுக்காகப் பதிவுசெய்திருப்பதால், ஒருவர் தமக்குள்ளேயே பேசிக்கொள்வது போன்ற நெருக்கம் பிறக்கிறது. தலைப்புப் பாடலை வெளியிட நிறுவனத் தலைவர் பெர்ரி கார்டி தயங்கினார் என்பதை இன்று நம்புவதே கடினம்.

இரண்டாம் பக்கத்தைத் தொடங்கும் நீண்ட ‘ரைட் ஆன்’ சற்றுத் தொய்வுதான் (நண்பர்கள் இதை ஏற்பதில்லை). ஆயினும் என்னைத் திரும்பத் திரும்ப இழுப்பது ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிட்டார். மோட்டவுனின் எண்ணற்ற வெற்றிப் பாடல்களுக்கு வாசித்தும் உறைகளில் பெயர் அச்சிடப்படாதிருந்த அவருக்கும் அவருடைய சக கலைஞர்களுக்கும் இந்த இசைத்தட்டில்தான் அந்த மதிப்பு கிடைத்தது. இத்தகைய பக்க இசைக் கலைஞர்களைப் பற்றியும் தங்கள் இசைப் பகுதியில் எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்