பலாலி ஓடுபாதையை நீட்டுவதற்கு முதல் ஒரு கணக்குப் பாருங்கள்

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தை விரிவாக்கத் திட்டம் போடும் அதிகாரிகளுக்கும், அதற்கு மேடையில் கைதட்டுகிற எங்கள் அரசியல்வாதிகளுக்கும்,

வணக்கம். ஓடுபாதையை நீட்டினால் ஜெட் வரும், ஜெட் வந்தால் சென்னைக்குக் கெதியாகப் போகலாம் என்று 2019இல் சர்வதேச நிலையமாகத் திறந்த நாளில் இருந்து பேச்சு நடக்கிறது. சரி, எவ்வளவு கெதியாக?

பலாலியில் இருந்து சென்னை நேர்கோட்டில் ஏறத்தாழ 355 கிலோமீற்றர், ஜெட் ஓடுகிற கொழும்புக் கட்டுநாயக்கா நிலையத்தில் இருந்து என்றால் 645 அளவில் வரும். தூரம் கிட்டத்தட்ட அரைவாசி, ஆனால் டிக்கெட்டில் போட்டிருக்கிற நேரம் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை, ஒன்றேகால் மணித்தியாலத்தை ஒட்டித்தான் நிற்கிறது. உடனே எல்லாரும் பலாலிக்கு வருகிற, விசிறி வைத்த ஏடிஆர் விமானத்தைத்தான் திட்டுகிறார்கள். அது மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில் பறக்கும், ஜெட் 800. முழுத் தூரத்தையும் அந்த வேகத்திலேயே கடந்தால் ஒன்றுக்கு 43 நிமிடம், மற்றதுக்கு 27. மிச்சம் 16 நிமிடம். அதுகூடக் கடதாசியில்தான், ஏனென்றால் இந்தக் குட்டித் தூரத்தில் ஜெட் மேலே ஏறி முழு வேகம் பிடித்த கையோடு இறங்கத் தொடங்கவேண்டும். டிக்கெட்டில் உள்ள மீதி நேரம் தரையில் ஊருவதற்கும் சென்னைக்கு மேலே இறங்கும் முறை வரும்வரை காத்திருப்பதற்கும் போகிறது, அந்த வரிசையில் ஜெட்டுக்கென்று தனி இடம் கிடையாது.

இந்தக் கால் மணித்தியாலத்துக்கு யாருடைய காணி போகப்போகிறது? விமான நிலையத்தைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்குச் சனம் 1990இல் போருக்குப் பயந்து வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டது. இராணுவம் பிடித்து வைத்த காணிகளை மயிலிட்டி, வசாவிளான், பலாலி என்று கொஞ்சம் கொஞ்சமாக விட்டாலும் இன்னும் எல்லாம் விடுபடவில்லை, காணி உறுதியைக் கையில் வைத்துக்கொண்டே செத்துப்போனவர்களும் இருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகளிடம் போய்ச் சென்னைக்கு நேரம் மிச்சம் என்று சொல்லாதீர்கள்.

ஜெட்டுக்கு வேறு நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. மும்பாய், வளைகுடா மாதிரித் தூர இடங்களுக்கு ஏடிஆர் சரிவராது. அதுதான் காரணமென்றால் அதையே நேராகச் சொல்லுங்கள், அந்த இடங்களுக்குப் பறக்க எந்த நிறுவனம் ஆயத்தம் என்பதையும் சேர்த்து.

நேரத்தை மிச்சம் பிடிப்பதுதான் நோக்கம் என்றால் அது தரையில்தான் கிடக்கிறது. ஒன்றேகால் மணிப் பறப்புக்கு இரண்டு, மூன்று மணித்தியாலம் முந்திப் போய் நிற்கிறோம். யாழ்ப்பாண நகரத்தில் இருந்து பதினாறு, பதினேழு கிலோமீற்றர், வாகனம் பிடிக்கிற காசு வேறு. விமானம் பிந்தினாலும் நின்று ஏற்றிக்கொண்டு போகிற பஸ், ஒரே நேரத்தில் எழுபது பேர் வந்து இறங்கினாலும் தேங்காத குடிவரவுக் கவுண்டர், மாதத்துக்கு மாதம் மாறாத நேர அட்டவணை, இவ்வளவும் செய்தாலே ஜெட் மிச்சம் பிடிப்பதைவிடக் கனக்க நேரம் மிச்சமாகும்.

அதற்குப் பிறகும் நீட்டத்தான் வேண்டும் என்றால், எதுவரை நீளும் என்று காட்டுகிற வரைபடத்தை முதலில் தெல்லிப்பழை பிரதேச செயலகத்தில் ஒட்டுங்கள், தமிழில், உறுதியோடு வருகிறவர் தன் காணியில் விரல் வைத்துப் பார்க்கிற அளவுக்குப் பெரிதாக.