புகைபோக்கியில் இருந்த எழுத்து

சிட்னி

அன்புள்ள மகளுக்கு,

அம்மாவும் நானும் நலமாக இருக்கிறோம். நீங்கள் மூவரும் ரொறன்ரோவுக்குத் திரும்பி ஐந்து கிழமைகள் ஆகிவிட்டன. சின்னவன் பின்னறைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போன படங்களை அம்மா இன்னும் கழற்ற விடவில்லை. நான் எழுதப்போவதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இது ஆறுதலாகச் சொல்ல வேண்டிய விடயம் என்பதாலும், நீ ஒருநாள் இதை அவனுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று நான் விரும்புவதாலும் கடிதமாக எழுதுகிறேன்.

சிட்னித் துறைமுகத்தின் சேர்க்குலர் கீயில் நாம் நின்ற காலை உனக்கு நினைவிருக்கும். துறையில் கட்டியிருந்த, செலிப்ரிட்டி என்ற உல்லாசப் பயண நிறுவனத்துக் கப்பலின் புகைபோக்கியில், கருமையான பின்னணியில் வெள்ளையாக, ஒன்றையொன்று வெட்டும் இரண்டு கோடுகள் பெரிதாக இருந்தன. சின்னவன் அதைக் காட்டி, "அம்மப்பா, இந்தக் கப்பலுக்கு யார் பிழை போட்டது?" என்று கேட்டான். அவனுடைய வகுப்பில் பிழையான விடைக்கு ஆசிரியர் போடும் குறி அதுதானே. பிறகு அவனே யோசித்து, அது பெருக்கல் குறியாகவும் இருக்கலாம் என்றான். நமக்குப் பக்கத்தில் நின்ற ஒருவரோ, 2023இல் ட்விட்டர் என்ற பெயரை விட்டு எக்ஸ் என்று மாறிய நிறுவனம் கப்பலும் ஓட்டத் தொடங்கிவிட்டதா என்று மனைவியிடம் விசாரித்தார். அப்போது நீ என்னிடம், "லோகோவுக்குப் பொருள் இருக்க வேண்டியதில்லை அப்பா, தூரத்தில் பார்த்தவுடன் யாருடையது என்று தெரிந்தால் போதும்" என்றாய். இலச்சினை வரையும் தொழிலைப் படித்து அதிலேயே உழைத்து வருபவள் நீ என்பதால் நான் எதுவும் பேசவில்லை. ஆனால் சின்னவனுக்கு விடை சொல்லாமல் அனுப்பியது மனத்தில் கிடந்தது.

விடை நம் வேலிக்கு அப்பால் இருந்தது. நீங்கள் புறப்பட்ட மறுவாரம், பக்கத்து வீட்டுக் கிரேக்கப் பெரியவர், சின்னவனுக்கு அத்திப்பழம் பறித்துக் கொடுத்தாரே, அவரிடம் அன்று எடுத்த படங்களைக் காட்டினேன். ஒபரா மண்டபத்தையும் பாலத்தையும் அவர் மரியாதைக்குப் பார்த்தார். கப்பல் படம் வந்ததும் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, புகைபோக்கியை விரலால் பெரிதாக்கி, "ஹி" என்றார். சற்றுப் பொறுத்து, "ஹந்திரீஸ்" என்றார்.

அது ஆங்கில எக்ஸ் எழுத்தே அல்ல, மகளே. கிரேக்க நெடுங்கணக்கின் 22ஆவது எழுத்து. அதன் ஒலி, நாம் ‘அகம்’ என்று சொல்லும்போது நடுவில் உரசிக்கொண்டு வரும் மெல்லிய ககரத்துக்கு ஓரளவு நெருங்கியது. ஆங்கிலத்தில் சாண்ட்ரிஸ் என்று வாசிக்கப்படும் குடும்பப் பெயரைக் கிரேக்கர் எழுதும்போது முதலில் வருவது இந்த எழுத்துத்தான். அந்தக் குடும்பத்தின் பயணக் கப்பல்கள் நீல நிறப் புகைபோக்கியில் தம் பெயரின் முதலெழுத்தை வெள்ளையில் தாங்கி ஓடின. ஒரு குடும்பம் தன் உடைமையின் மேல் எழுதி வைத்த கையொப்பம் அது.

புகைபோக்கியில் ஏன் எழுதினார்கள் என்று நீ கேட்பாய். கொழும்புத் துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்த உன் அப்பப்பா இதை எனக்குச் சிறு வயதிலேயே சொல்லியிருக்கிறார். கப்பலின் பெயரை அருகில் போனால்தான் வாசிக்கலாம். கொடி காற்றில்லாத நாளில் சுருண்டு கிடக்கும். ஆனால் புகைபோக்கியின் நிறம் அடிவானத்தில் கப்பல் எழும்போதே தெரிந்துவிடும். கறுப்பில் இரண்டு வெள்ளை வளையம் என்றால் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனம், வெள்ளை உடலுக்கு மேல் மஞ்சள் என்றால் பி அன்ட் ஓ நிறுவனம் என்று அவர் யன்னலில் நின்றே சொல்லிவிடுவார். அந்த பி அன்ட் ஓவின் கொடியில் உள்ள நான்கு நிறங்களும் சும்மா வந்தவை அல்ல. 1837இல் ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் தபால் கொண்டு சென்று தொடங்கிய நிறுவனம் அது. வெள்ளையும் நீலமும் போர்த்துக்கல் அரச குடும்பத்தின் நிறங்கள்; சிவப்பும் மஞ்சளும் ஸ்பெயினுடையவை. உன் மொழியில் சொன்னால், இலச்சினையைத் தொலைவிலிருந்து அடையாளம் காணும் கலை, விளம்பர அலுவலகங்கள் தோன்றுவதற்கு முன்பே கடலில் பழகிய கலை. ஆகவே நீ அன்று சொன்னதில் பாதியை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். மற்றப் பாதிக்குத்தான் பெரியவரின் கதை தேவைப்படுகிறது.

சாண்ட்ரிஸ் குடும்பம் 1959இல் ஒரு பழைய பிரித்தானியக் கப்பலை வாங்கி, கிரேக்கத்தின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து அவுஸ்திரேலியாவுக்கு விடத் தொடங்கியது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் பாட்ரிஸ். கிரேக்கத்தில் தாயகம் என்று பொருள். தாயகத்தை விட்டுப் போகிறவர்களைத் தாயகம் என்ற பெயருள்ள கப்பலில் ஏற்றிச் சென்றிருக்கிறார்கள் என்பதை எண்ணும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. அதன் பின் எலினிஸ் வந்தது. கிரேக்கப் பெண் என்று அர்த்தம். 1964இல், அமெரிக்காவின் பெருமையாகக் கட்டப்பட்டு அந்த நாட்டின் பெயரையே தாங்கியிருந்த கப்பலை வாங்கி, ஆஸ்திராலிஸ் என்று பெயர் மாற்றி, ஒரே பயணத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஏற்றினார்கள். 1977 வரை அது ஓடியது. இன்று இந்த நகரத்தில் வாழும் கிரேக்கக் குடும்பங்களிலும், பிரித்தானியாவிலிருந்து வந்த குடும்பங்களிலும், எத்தனையோ வீடுகளின் கதை அந்த வெள்ளை எழுத்தின் கீழ்தான் தொடங்குகிறது.

பெரியவர் பாட்ரிஸில் 1963இல் வந்தவர். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. வழியனுப்ப வந்த அவருடைய தாய்க்கு எழுத வாசிக்கத் தெரியாது. மகன் ஏறும் கப்பல் எது என்று அவருக்குப் பெயரைச் சொல்லி விளங்கப்படுத்த முடியாமல், துறைமுகத்தில் யாரோ புகைபோக்கியைக் காட்டியிருக்கிறார்கள். அந்த ஓர் எழுத்தை மட்டும் அவருக்குத் தெரியும். கிரேக்கத்தில் கிறிஸ்து என்ற பெயரும் அதே எழுத்தில்தான் தொடங்குகிறது; கோயில் படங்களில் அதை அவர் பார்த்திருக்கிறார். ஆகவே மகனைக் கொண்டுபோகும் கப்பல் கிறிஸ்துவின் எழுத்தைத் தாங்கியிருக்கிறது என்று சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டு, கப்பல் துறையை விட்டு நகர்ந்து, மனித முகங்கள் மறைந்து, கப்பலின் உடலும் மறைந்து, அந்த வெள்ளைக் கோடுகள் மட்டும் தெரிந்து, பின் அவையும் மறையும் வரைக்கும் அங்கேயே நின்றாராம். இதை அந்தத் தாய் பிறகு அயலவரைக் கொண்டு எழுதுவித்த முதல் கடிதத்தில் சொல்லியிருக்கிறார். பெரியவர் அதற்குப் பின் அவரைப் பார்க்கவில்லை.

இதைக் கேட்டபின் நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். 1984இல் நாம் கட்டுநாயக்காவில் விமானம் ஏறியபோது பார்வையாளர் பகுதியில் நின்ற உன் அம்மம்மாவுக்கு எந்த விமானம் நம்முடையது என்று தெரிந்திருக்குமா என்று அம்மா கேட்டார். அதற்குமேல் நாங்கள் அன்று அதைப்பற்றிப் பேசவில்லை.

இனி அந்த எழுத்து எப்படி இன்றைய உல்லாசக் கப்பலுக்கு வந்தது என்பதைச் சொல்கிறேன். விமானப் பயணம் மலிவானதும் குடிபெயர்வோர் கப்பல்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. சாண்ட்ரிஸ் குடும்பம் உல்லாசப் பயணங்களுக்குத் திரும்பியது. 1988இல், வசதியுள்ள பயணிகளை மனத்தில் வைத்து, செலிப்ரிட்டி குரூஸஸ் என்ற புதிய பெயரில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பழைய கப்பல்களின் நினைவு புதிய வாடிக்கையாளருக்கு வேண்டாம் என்று எண்ணியிருக்கலாம்; குடும்பப் பெயர் எங்கும் இல்லை. ஆனால் புகைபோக்கியில் மட்டும் குடும்பத்தின் எழுத்தை விட்டுவைத்தார்கள். 1990இல் இரண்டு கப்பல்கள் புறப்பட்டன: ஜெர்மனியின் பாப்பன்பூர்க்கில் புதிதாகக் கட்டிய ஹொரைசன் ஒன்று, மெரிடியன் மற்றது. மெரிடியன் உண்மையில் கலிலியோ கலிலெய் என்ற பெயரில் 1963 முதல் இத்தாலியக் குடிபெயர்வோரை இதே அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்த கப்பல். அதையே மாற்றிக் கட்டியிருந்தார்கள். புதிய பெயருக்குக் கீழே பழைய பயணம் எவ்வளவு அருகில் இருந்தது, பார்.

1997இல் ரோயல் கரீபியன் நிறுவனம் செலிப்ரிட்டியை வாங்கியது. வாங்கியவர்களுக்கு ஏற்கெனவே சொந்த இலச்சினை உண்டு, கிரீடமும் நங்கூரமும். அரசுக்குக் கிரீடம், கடலுக்கு நங்கூரம் என்று எந்த மொழிக்காரரும் அதைப் பார்த்தவுடன் புரிந்துகொள்வார்கள். விளக்கம் தேவைப்படாத குறி அது. இருந்தும் அவர்கள் கிரேக்க எழுத்தை அழிக்கவில்லை. அதற்காக நான் அவர்களை மெச்சுகிறேன். ஆனால் எழுத்து நின்றதே தவிர அதன் ஒலி மாறிவிட்டது. 2004இல் கலாபகோஸ் தீவுகளுக்கு விட்ட சிறு கப்பலுக்கு, பயணம் என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தை நீக்கி எக்ஸிலேயே தொடங்குமாறு எக்ஸ்பிடிஷன் என்று பெயரிட்டார்கள். 2025இல் வந்த புதிய கப்பலும் அதே முறையில் எக்ஸெல் எனப் பெயர் பெற்றிருக்கிறது. கிரேக்கக் குடும்பத்தின் ‘ஹி’ ஆங்கில எழுத்தாக மறுபிறப்பு எடுத்துவிட்டது. போன கிழமை நான் மீண்டும் துறைமுகப் பக்கம் போனபோது, அந்த நிறுவனத்தில் பயணம் செய்து பழகிய சிலரோடு பேசினேன். புகைபோக்கியைக் கண்டவுடன் கப்பல் யாருடையது என்று எல்லோருக்கும் தெரிகிறது. அது என்ன என்று கேட்டால், ஒருவர் ரோமானியப் பத்து என்றார்; ஒருவர் கணக்கில் வரும் அறியாத எண் என்றார்; ஓர் அம்மையார், அது வெறும் அழகு என்று உன்னைப் போலவே சொன்னார்.

அதனால் நீ சொன்னதற்கு நிரூபணம் கிடைத்துவிட்டது என்று நீ நினைக்கலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. பொருள் தெரியாதவர்களுக்கும் அந்தக் குறி இவ்வளவு உறுதியாக நிற்பது, அதை முதலில் வரைந்தவர்கள் ஒரு பொருளோடு வரைந்து, பல பத்தாண்டுகளாகக் கைவிடாமல் வைத்திருந்ததால்தான். சும்மா அழகுக்குப் போட்ட கோடுகளாக இருந்திருந்தால், உரிமை கைமாறிய அன்றே புதிய சாயம் பூசியிருப்பார்கள். நம் ஊர் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை நினைத்துப் பார். அமெரிக்கர் ஒருவர் அதை வாங்கி, தன் மனைவியின் பெயரை இட்டு, நம்மவர்களே ஓட்டிச் செல்ல 1938இல் மசாசூசெட்ஸ் வரை கொண்டுபோனார். கப்பல் கடலைக் கடந்தது, பெயர் கடக்கவில்லை.

இதற்கு மாறான ஒன்றையும் நான் மறைக்கக்கூடாது. 1972இல் பணமுடையோடு தொடங்கிய கார்னிவல் என்ற உல்லாசக் கப்பல் நிறுவனம், கனேடியன் பசிபிக் நிறுவனத்திடமிருந்து வாங்கிய முதற் கப்பலின் புகைபோக்கியில் இருந்த அந்த நிறுவனக் குறியின் வடிவத்தையே வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் சிவப்பு, வெள்ளை, நீலமாக மாற்றியது. வேறொருவரின் பொருளோடு பிறந்த வடிவம் இன்று உலகெங்கும் அவர்களுடையதாக அறியப்படுகிறது. நீ வாழும் நாட்டு நிறுவனம் ஒன்றின் குறி அது. அங்கே எத்தனை பேருக்கு அது தெரியும் என்று உன் அலுவலகத்தில் கேட்டுப் பார்.

இப்போது உன் வேலைக்கு வருகிறேன். ஸ்காபரோவில் உள்ள நம்மவரின் பேக்கரிக்குப் புதிய இலச்சினை செய்வதாகவும், பழைய பலகையின் மூலையில் உள்ள மூன்று புள்ளிகள் எதற்கு என்று தெரியாததால் அவற்றை எடுத்துவிடப் போவதாகவும் நீ இங்கே நின்றபோது சொன்னாய். மகன்மாருக்குத் தெரியவில்லை என்றாய். தாய் இன்னும் கடையில் காலையில் வந்து இருப்பார் என்றும் நீதான் சொன்னாய். எடுப்பதற்கு முன் அவரிடம் ஒரு தரம் போய்க் கேள். சாயம் பூசியவர் தவறுதலாக விட்ட புள்ளிகள் என்று அவர் சொன்னால் எடுத்துவிடு; எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அடுத்த மாதம் செலிப்ரிட்டியின் கப்பல் மீண்டும் வருகிறது. பெரியவரை அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். முழங்கால் வலியால் அவரால் துறைமுகத்தைச் சுற்றி நடக்க முடியாது. ஆனால் சேர்க்குலர் கீ ரயில் நிலையத்தின் மேடை உயரத்தில் இருப்பதால், அங்கே வாங்கில் இருந்தபடியே புகைபோக்கியைப் பார்க்கலாம். படம் எடுத்து அனுப்புகிறேன். சின்னவனுக்கு அதைக் காட்டி, யாரும் பிழை போடவில்லை என்று சொல். ‘ஹி’ என்று அவனை ஒருமுறை சொல்ல வைத்து, அந்தக் குரலைப் பதிவு செய்து எனக்கு அனுப்பு. பெரியவருக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
அப்பா