தாழப் பறக்கச் சொல்லிக்கொடுக்கப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

மாணவர்களை ஹெலிகாப்டரில் தாழப் பறக்க அழைத்துப் போகப்போகிறாய். மின்கம்பிக்கு எல்லோரும் பயப்படுவார்கள், பயப்படவும் வேண்டும். ஆனால் முதலில் காற்றைச் சொல்லிக்கொடு.

ஏர்ஸ்பீடு, அதாவது சுற்றியுள்ள காற்றை வைத்துப் பார்க்கும் வேகம், 60 நாட் (மணிக்கு சுமார் 111 கி.மீ.), காற்று 20 நாட் என்று வைத்துக்கொள். எதிர்க்காற்றில் தரைவேகம் 40. திரும்பிக் காற்றோடு போனால் 80. உயரத்தில் இது உறைக்காது. 100 அடியில் மரங்கள் பாய்ந்தோடும். வேகம் கூடிவிட்டதாக நினைத்து மாணவரின் கை தன்னையறியாமல் சைக்ளிக்கை (முன்னே, பின்னே, பக்கவாட்டில் செலுத்தும் கைப்பிடி) பின்னால் இழுக்கும். சற்றுமுன் பார்த்துப் பழகிய 40-ஐயே கண் தேடினால், மிஞ்சும் ஏர்ஸ்பீடு 20 தான். முன்வேகம் தந்த தூக்குவிசை போய் ஹெலிகாப்டர் அமிழும். பதறிக் கலெக்டிவை (ஹெலிகாப்டரை ஏற்றி இறக்கும் நெம்புகோல்) இழுத்தால், பவர் போதாத இடத்தில் ரோட்டரின், அதாவது மேலே சுழலும் இறக்கைகளின், சுழல்வேகமும் சரியும்.

அதே திருப்பத்தில் காற்று உள்பக்கமாகத் தள்ளுவதால் ஹெலிகாப்டர் சறுக்குவதுபோல் தெரியும். மாணவர் மூக்கை இடம் வலமாகத் திருப்பும் பெடலை மிதித்துத் திருத்தப் பார்ப்பார். முன்கண்ணாடியில் ஒட்டிய நூலைக் காட்டு. அது நேராக நின்றால் சறுக்கல் இல்லை, கால் சும்மா இருக்கட்டும்.

இதை முதல் நாளே 100 அடியில் செய்யாதே. 500 அடியில், நேரான சாலை ஒன்றின்மேல் போய்த் திரும்பி வா. ஏர்ஸ்பீடை அவர் வாய்விட்டுச் சொல்லட்டும். திருப்பம் 30 டிகிரி சாய்வைத் தாண்ட வேண்டாம்.

இனி கம்பி. கம்பியைத் தேடினால் கிடைக்காது. கம்பத்தைத் தேடச் சொல். உயர் அழுத்த மின்கோபுரங்களின் உச்சியில் ஓடும், இடியிலிருந்து காக்கும் எர்த் கம்பி மற்றவற்றைவிட மெல்லியது. கீழே உள்ள தடித்த கம்பிகளைப் பார்த்து 'தாண்டிவிடலாம்' என்று ஏறுபவர் அதில்தான் மாட்டுவார். எனவே கோபுரத்துக்கு நேர் மேலாகவே கடக்க வேண்டும். 60 நாட் என்றால் விநாடிக்கு சுமார் 31 மீட்டர். 150 மீட்டரில் கம்பி கண்ணில் பட்டால், கையில் இருப்பது ஐந்து விநாடிகூட இல்லை. சூரியனை நோக்கிப் போனால் அதுவும் கிடைக்காது. மேலிருந்து சுற்றிப் பார்க்காத இடத்தில் இறங்கவே இறங்காதே. பார்த்து வைத்த கம்பியும் வேலை மும்முரத்தில் மறந்துபோகும். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் 'இடப்பக்கம் கம்பி' என்று அவர் சொல்லியே ஆக வேண்டும்.

எஞ்சின் நின்றால் கலெக்டிவை உடனே இறக்கப் பழகியவர் மாணவர். தாழ்வில், வேகத்தில் அதை மட்டும் செய்தால் மூக்கு கவிழ்ந்து தரையில் மோதும். சைக்ளிக்கைப் பின்னால் இழுப்பதும் கூடவே வர வேண்டும். ரோட்டரின் சுழல்வேகமும் அதனால்தான் தாங்கும். எஞ்சின் நின்றால் எந்த உயரமும் வேகமும் ஆபத்து என்று காட்டும், கையேட்டிலுள்ள உயரம்-வேக வரைபடத்தை விரித்து வைத்து இதைத் தரையிலேயே பேசி முடி.

கிளம்புமுன் ஓர் உயரத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். அதற்குக் கீழே போனால் 'கன்ட்ரோல் என்னிடம்' என்று நீ வாங்கிக்கொள்வாய், விளக்கமெல்லாம் பிறகு. உன் கை சைக்ளிக்கைத் தொடாமல் அருகிலேயே இருக்கட்டும். சொல்லிக்கொண்டே வந்தவர் திடீரென்று பேச்சை நிறுத்தினால் அவருக்குத் தலைக்குமேல் போய்விட்டது என்று பொருள். 500 அடிக்கு ஏற்றி, இரண்டு நிமிடம் நேராகப் பறக்கவிடு.

அன்புடன்,
அண்ணன்