பழைய மாணவர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான காரியங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உதவித்தொகை, நோட்டுப் புத்தகம், சுதந்திர தின மிட்டாய் எல்லாம் எப்போதும்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நான் விரிவாகச் சொல்ல விரும்புவது நம் பள்ளிக் கபடி அணியைப் பற்றி.

பிள்ளையார் நோன்புக்கும் சிவராத்திரிக்கும் நம்மில் பலர் ஊருக்கு வருகிறோம். பள்ளிக்கு ஒரு நடை போய், தலைமை ஆசிரியரைப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். பிள்ளைகள் விளையாடுவதைப் பார்ப்பதில்லை. அதனால் இந்த முறை சுற்றுவட்டாரப் பள்ளிகள் மோதும் குறுவட்டப் போட்டி நாளுக்கே வரச்சொல்லி அழைத்தோம். சென்னையிலிருந்து சிலர் முதல் நாள் இரவே பல்லவன் ரயிலில் காரைக்குடி வந்து இறங்கிவிட்டார்கள்.

அந்தப் போட்டி செம்மண் தரையில் நடந்தது. சுண்ணாம்புக் கோடு, வேப்பமர நிழல், "விடாதடா, பிடி!" என்ற கூச்சல். நம் காலத்து ஆட்டம்தான் என்று உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்திலேயே ஆட்டம் மாறியிருப்பது தெரிந்தது. பாடிப் போகிறவனுக்கு 30 விநாடிதான். எதிரணியில் ஆறு பேருக்குக் குறையாமல் நிற்கும்போது, பின்னங்காலைத் தூக்கியபடி போனஸ் கோட்டுக்கு அப்பால் மிதித்தால் யாரையும் தொடாமலே ஒரு புள்ளி. இதையெல்லாம் நம் மூத்தவர்களுக்குப் பக்கத்திலிருந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். நம் பிள்ளைகள் ஜெயித்தார்கள். பிடிக்கிறவர்கள் வரிசையில் இடது ஓரத்தில், அதாவது இடது கார்னரில் நின்றவன் கணுக்காலைப் பிடித்தால் பிடித்ததுதான். அப்படி ஒரு ஆட்டக்காரனை நம் பள்ளியில் பார்த்தது எனக்குப் பெருமை.

அப்புறம் வருவாய் மாவட்டப் போட்டி. அது மண் தரை இல்லை, மேட் எனும் மெத்தை விரிப்பு போட்ட களம், ஷூ போட்டுத்தான் ஆட வேண்டும். எல்லாருக்கும் ஷூ இல்லை. வெளியே வந்தவன் ஓரத்தில் உட்கார்ந்து அவசர அவசரமாக நாடாவை அவிழ்த்து உள்ளே போகிறவனிடம் கொடுத்தான். அவனுக்கு அது பெரிது. முன்பக்கம் துணியைச் சுருட்டி அடைத்துக்கொண்டு இறங்கினான். தோற்றுவிட்டார்கள். முழங்கையெல்லாம் தோல் உரிந்திருந்த ஒரு தம்பி, "மண்ணுல சறுக்கியே கோட்டத் தொட்டுருவேன் அண்ணே, இதுல காலு அப்படியே நின்னுருது" என்றான். புரோ கபடி லீக்கின் தமிழ் தலைவாஸ் அணி ஆட்டத்தை டிவியில் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், மேட் விரிப்பின் மேல் கால் வைத்ததே அன்றைக்குத்தான்.

பெண்கள் அணியின் ஆட்டத்துக்கு நம் அக்காமார் இரண்டு பேர்தான் வந்தார்கள். அவர்கள் படிக்கும்போது பெண்பிள்ளைகளுக்கு டென்னிகாய்ட் எனும் வளையப்பந்துதான், கபடி அணியே கிடையாது. ஆசிய விளையாட்டிலேயே ஆண்கள் கபடி 1990இல் வந்தது, பெண்கள் கபடி 2010இல்தான் வந்தது. அந்த அக்காமார் கடைசிவரை நின்று ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உற்சாகப்படுத்தினார்கள். அடுத்த முறை இன்னும் நிறையப் பேர் வர வேண்டும்.

அணிக்கு என்ன தேவை என்பது கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது. ஆகவே நிர்வாகக் குழுவின் சார்பில் ஒரு தீர்மானத்தை உங்கள் முன் வைக்கிறேன். களத்தில் 7 பேர், மாற்று 5 பேர் என ஓர் அணிக்கு 12 பேர். இரண்டு அணிப் பிள்ளைகளுக்கும் அவரவர் கால் அளவுக்கு ஷூ வாங்க வேண்டும். போட்டிக்கு முன் சில நாளாவது மேட் விரித்த களத்தில் பயிற்சி எடுக்க உடற்கல்வி ஆசிரியரோடு பேசி ஏற்பாடு செய்ய வேண்டும். ஆண்டு விழாவில் நமக்குப் போடும் சால்வை, மாலைச் செலவை இதற்குத் திருப்பலாம் என்பது என் கருத்து.

அடுத்த குறுவட்டப் போட்டித் தேதி பள்ளியில் தெரிந்த அன்றே வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். வருகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் மதியச் சாப்பாடு சங்கத்தின் பொறுப்பு.

நன்றி.

செயலாளர்